லோயிஸுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பெண்களும் காதலும்

1950, 60-களின் சூப்பர்மேன் கதைத் தொகுப்பு ஒன்றைப் படித்திருக்கிறீர்கள். அதில் பத்திரிகைச் செய்தியாளர் லோயிஸ் லேன் எந்நேரமும் கல்யாணக் கனவில் இருக்கிறாள், சூப்பர்மேனை வேவு பார்க்கிறாள், கடைசிப் பக்கத்தில் அசடு வழிய நிற்கிறாள். அந்தக் காலத்து சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பெண்கள் எல்லாருமே இப்படித்தானா, எப்போது மாறினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாரும் இப்படி இல்லை. லோயிஸே முதலில் இப்படி இல்லை. ஆரம்பத்தில் பொம்மையாக இருந்த பெண்கள் காலம் போகப் போக மெல்ல நிமிர்ந்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதழ்களை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தால் அப்படித் தெரியாது. 1938-இன் லோயிஸ், 1958-இன் லோயிஸைவிடப் பல மடங்கு துணிச்சல்காரி. நிமிர்ந்து நின்றவளை இடையில் யாரோ பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதைகளை மதிப்பிட நான் ஒரே ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன்: முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது அவளுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அவள் பெரும்பாலும் ஒரு முழு மனுஷியாக எழுதப்பட்டிருப்பாள். தெரியாவிட்டால் அந்தத் தெரியாமையே அவளுடைய குணமாகிவிடும். அவளுக்கு எத்தனை சக்தி, எந்த மாதிரி உடை என்பதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

1938 ஜூன் தேதியிட்ட ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்மேன் பச்சைக் காரைத் தூக்கி அடிக்கும் அட்டைப்படம் உலகப் புகழ் பெற்றது. அந்தக் கார் கதைக்குள் எப்படி வருகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சூப்பர்மேன் சாதாரண மனிதனாக நடமாடும்போது அவன் பெயர் கிளார்க் கென்ட், லோயிஸின் சக செய்தியாளன்; இருவரும் ஒருவர்தான் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தக் கிளார்க் லோயிஸை நடனத்துக்குக் கூட்டிப் போகிறான். புட்ச் என்ற ரவுடி நடுவில் புகுந்து அவளைத் தன்னோடு ஆடச் சொல்கிறான். கிளார்க் பயந்தவன் போல் நடிக்கிறான். லோயிஸ் அந்த ரவுடியின் கன்னத்தில் அறைகிறாள், கிளார்க்கை முகத்துக்கு நேரே கோழை என்று சொல்லிவிட்டு டாக்ஸி ஏறிவிடுகிறாள். ஆத்திரத்தில் புட்ச் கும்பல் அவளைக் கடத்த, அந்தக் காரைத்தான் சூப்பர்மேன் தூக்குகிறான். சூப்பர் ஹீரோ வகையே பாழாய்ப் போன ஒரு காதல் சந்திப்பில்தான் பிறந்திருக்கிறது. அந்தச் சந்திப்பில் நேர்மையாக நடந்துகொண்டவள் லோயிஸ் மட்டும்தான்.

அதே ஆண்டு ஐந்தாவது இதழில் அணை உடையப்போகும் செய்தி வருகிறது. இது பெண் பார்க்கிற வேலை இல்லை என்று ஆசிரியர் கிளார்க்கை அனுப்பச் சொல்கிறார். லோயிஸ் கிளார்க்கிடம் ஒரு பொய்த் தகவலைக் கொடுத்து வேறெங்கோ அனுப்பிவிட்டு, தானே அணைக்குப் போகிறாள். உயிர் தப்பியதும் சூப்பர்மேனை அவளாகவே முத்தமிடுகிறாள். அந்த லோயிஸுக்குச் செய்தி முதலில், காதல் இரண்டாவது. காதலைச் சொல்லவும் அவள் கூச்சப்படவில்லை.

இந்த லோயிஸுக்கு முகம் கொடுத்தவர் ஜோஆன் என்ற இளம்பெண். சூப்பர்மேன் அச்சேறும் முன்பே ஓவியர் ஜோ ஷுஸ்டருக்கு மாடலாக நின்றவர். 1948-இல் கதாசிரியர் ஜெரி சீகலை மணந்தார். சீகலுக்கு லோயிஸை எப்போதும் ஏமாற்றிக்கொண்டே இருப்பதில் விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. 1940-இல் அவர் எழுதிய ஒரு கதையில், ஆபத்தின் நடுவே வேறு வழியில்லாமல் கிளார்க் தான்தான் சூப்பர்மேன் என்று லோயிஸிடம் வெளிப்படுத்திவிடுகிறான். இனி நாம் கூட்டாளிகள் என்று இருவரும் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கதை வெளியாகவே இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அப்படி ஒன்று இருந்ததே வெளியே தெரிந்தது. அது மட்டும் அன்றே அச்சாகியிருந்தால் லோயிஸின் அடுத்த ஐம்பது ஆண்டுகளே வேறாக இருந்திருக்கும். இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தப்பட வைக்கும் இடம் இதுதான்.

அப்போது அது முடியாத காரியமும் இல்லை. 1940 ஜனவரியில் வந்த முதல் ஃப்ளாஷ் கதையில், மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷான ஜே கேரிக்கின் தோழி ஜோனுக்கு அவன் சக்தி ஆரம்பத்திலேயே தெரியும். அதனால் அவளை ஏமாற்றப் பக்கங்கள் செலவாகவில்லை. வழக்குகளில் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். நம் ஊரில் பலரும் ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் படித்த வேதாளரின் டயானாவும் இதே வகைதான். அவன் யார், எந்தக் காட்டில், எந்தக் குகையில் இருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஐ.நா. சபையில் தனி உத்தியோகம் இருந்தது. 1977-இல் கல்யாணமும் நடந்தது. தமிழ் வாசகர்களுக்கு லோயிஸின் பாடு விநோதமாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போர்க்காலத்துக்கு வருவோம். ஆண்கள் போர்முனைக்கும் பெண்கள் தொழிற்சாலைகளுக்கும் போன காலம். காமிக்ஸைச் சிறுவர்கள் அளவுக்கே சிறுமிகளும் படித்தார்கள். அப்போது வரிசையாகப் பெண் வீராங்கனைகள் வந்தார்கள். அவர்களில் மிஸ் ஃப்யூரியை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 1941 ஏப்ரலில் செய்தித்தாளின் ஞாயிறு பக்கங்களில் தொடங்கிய இந்தத் தொடரை எழுதி வரைந்தவர் ஜூன் டார்ப்பே மில்ஸ். பெண் என்று தெரிய வேண்டாம் என்பதற்காக 'ஜூன்' என்பதை விட்டுவிட்டுக் கையெழுத்திட்டவர். நாயகி மார்லா ட்ரேக் பணக்காரி. மாறுவேட விருந்துக்குத் தான் போட நினைத்த அதே உடையில் இன்னொருத்தியும் வருகிறாள் என்று தெரிந்ததும், வீட்டில் கிடந்த கருஞ்சிறுத்தைத் தோலை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அங்கிருந்து நாஜி உளவாளிகளோடு மோதல். பிறகு காதலனைப் பிரிந்து, கல்யாணம் ஆகாமலே ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். அந்தக் காலச் செய்தித்தாள் வாசகர்கள் முன்னால் ஒரு பெண் இப்படி ஒரு வாழ்க்கையை வரைந்து வைத்தார். உடைகளை அவர் வரைந்திருக்கும் நுணுக்கத்தைப் பார்த்தாலே தெரியும், ஒரு பெண் எந்த உடையில் எப்படி ஓடுவாள், எப்படிச் சண்டை போடுவாள் என்று யோசித்து வரைந்த கை அது.

வொண்டர் வுமன் வந்ததும் அதே 1941-இன் கடைசியில்தான். உருவாக்கியவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், உளவியலாளர். பொய்யைக் கண்டறிய ரத்த அழுத்தத்தைப் பயன்படுத்தும் சோதனையை வகுத்தவர். ஓவியர் எச். ஜி. பீட்டர். பெண் பாத்திரங்களுக்கு வலிமை இல்லாதவரை சிறுமிகளே பெண்ணாக இருக்க விரும்ப மாட்டார்கள் என்று 1943-இல் ஒரு கட்டுரையில் மார்ஸ்டன் வாதிட்டார். இங்கே ரகசியம் தலைகீழ். சக்தி அவளிடம், தெரியாதவன் அவள் காதலிக்கும் ராணுவ அதிகாரி ஸ்டீவ் ட்ரெவர். ஸ்டீவின் அருகில் இருப்பதற்காக அவள் டயானா பிரின்ஸ் என்ற நர்ஸின் பெயரையும் அடையாளத்தையும் காசு கொடுத்து வாங்குகிறாள். வெளிநாட்டில் இருக்கும் வருங்காலக் கணவனிடம் போகப் பணமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த நர்ஸ் அவள். அதன் பிறகு ஸ்டீவ் வொண்டர் வுமனுக்காக உருகுகிறான், பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கும் டயானாவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தன் மேலேயே தனக்குப் பொறாமை வந்துவிட்டதே என்று அவள் வருந்துகிறாள்.

கிளார்க்கின் நிலைமையும் இதேதான். ஆனால் ஸ்டீவை எந்தக் கதையும் அசடாக்கவில்லை. அவனுக்கு ராணுவத்தில் பதவியும் மரியாதையும் இருந்தன. 1945-இல் வந்த ஒரு கதையில் ஸ்டீவுக்கும் அசுர பலம் கிடைக்கிறது. தன்னைவிட வலிமையானவன் ஒருவன் தன்னை அதிகாரம் செய்வது பிடிக்கிறதா என்று வொண்டர் வுமன் யோசித்துப் பார்க்கிறாள். பிடிக்கவில்லை என்று முடிவுக்கு வருகிறாள். எட்டு வயதுக் குழந்தைகள் படிக்கும் பத்து சென்ட் புத்தகத்தில் இப்படி ஒரு யோசனை வந்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மார்ஸ்டனைத் தெய்வமாக்கவும் கூடாது. அவர் கதைகளில் பெண்களைச் சங்கிலியாலும் கயிற்றாலும் கட்டிப்போடும் காட்சிகள் அளவுக்கு மீறி வரும். அன்றே அதைக் கண்டித்து எழுதியவர்கள் உண்டு. ஆசியர்களையும் கறுப்பின மக்களையும் அவர் கதைகள் காட்டிய விதம் இன்று படிக்கக் கூசுகிறது. இவற்றோடு சேர்த்துத்தான் அவர் செய்த நல்லதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வொண்டர் வுமனை வெளியிட்ட அதே நிறுவனத்தின் இன்னொரு இதழில், பல சூப்பர் ஹீரோக்கள் சேர்ந்த சங்கமான ஜஸ்டிஸ் சொசைட்டி பற்றிக் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதிய கதைகளில், 1942-இல் அதே வொண்டர் வுமன் சங்கத்தின் காரியதரிசியானாள். ஆண்கள் எதிரியோடு மோதப் புறப்படுவார்கள். அவர்கள் எல்லாரையும்விட வலிமையானவள் குறிப்பு எடுத்துக்கொண்டு பின்தங்குவாள். ஒரே ஆண்டு, ஒரே பாத்திரம். எழுதுகிறவர் மாறினால் எல்லாம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1947-இல் மார்ஸ்டன் இறந்தார். பொறுப்பு ராபர்ட் கானிகரிடம் போனது. 1949-இன் சென்சேஷன் காமிக்ஸ் 94-ஆவது இதழின் அட்டையைத் தேடிப் பாருங்கள். விமானங்களையே மறித்தவளை ஸ்டீவ் கைகளில் ஏந்தி ஓர் ஓடையைக் கடக்க வைக்கிறான். அவள் முகத்தில் காதல் மயக்கம். வொண்டர் வுமன் இதழில் உலகப் பெண் சாதனையாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பகுதி ஒன்று முதல் இதழிலிருந்தே வந்துகொண்டிருந்தது. டென்னிஸ் வீராங்கனை ஆலிஸ் மார்பிள் பெயரில், ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலில் ஆரம்பித்த பகுதி. 1950-களில் அது மறைந்து, அந்த இடத்துக்குப் பல நாட்டுத் திருமணச் சடங்குகள் பற்றிய பக்கங்கள் வந்தன.

அந்த அட்டைப்படம் ஏன் அப்படி ஆனது என்பதற்குச் சந்தையைப் பார்க்க வேண்டும். போர் முடிந்ததும் சூப்பர் ஹீரோ விற்பனை சரிந்தது. 1947-இல் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யங் ரொமான்ஸ் என்ற இதழைத் தொடங்கினார்கள். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய அதே இருவர். முழுக்க முழுக்கக் காதல் கதைகள், பெண்ணே தன் கதையைச் சொல்லும் தொனியில். அது பிய்த்துக்கொண்டு போனது. 1950 வாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் காமிக்ஸ் இதழ்கள் கடைகளில் தொங்கின. சூப்பர் ஹீரோ இதழ்கள் பிழைத்திருக்க அந்தப் பாணியைக் கடன் வாங்கின. கண்ணீர் வழியும் முகத்தின் நெருக்கக் காட்சி, மனதுக்குள் புலம்பும் குமிழி, முக்கோணக் காதல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. இந்தக் கடனைக் கவனிக்காமல் பின்னால் வந்த மார்வெல் நிறுவனத்தின் கதைகளைப் புரிந்துகொள்ள முடியாது.

சந்தைக்கு மேல் 1954 வந்தது. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பேட்மேன், ராபின் உறவில் ஓரினக் காதலையும், வொண்டர் வுமனிடம் அதன் பெண் வடிவத்தையும் அவர் கண்டார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் அந்த ஆண்டிலேயே தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதிமுறையை வகுத்துக்கொண்டார்கள். காதல் கதைகள் இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். விவாகரத்தை விரும்பத்தக்கதாகக் காட்டக்கூடாது. பெண்களின் உடலை மிகைப்படுத்தாமல் வரைய வேண்டும். இந்தக் கடைசி விதி நல்லதுதான். ஃபேண்டம் லேடி போன்ற இதழ்களின் சில அட்டைகள் வியாபாரத்துக்காகவே வரையப்பட்டவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விதிகள் மொத்தமாகச் சேர்ந்து செய்த வேலை வேறு. பெண்ணுக்கு ஆசைப்படவும் உரிமை இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இல்லை. கல்யாணத்துக்காகக் காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

கேட்வுமனுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1940-இல் பேட்மேன் முதல் இதழிலேயே வந்தவள். திருடி, ஆனால் அவளைப் பிடிக்கப் பேட்மேனுக்கு மனசு வரவில்லை. அந்த முதல் கதையிலேயே அவளைத் தப்பவிட்டான். அந்த ஈர்ப்பில் இருவரும் சமமானவர்கள். 1954-க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அவளைக் காணோம். 1966-இல் லோயிஸ் லேன் இதழில்தான் திரும்பி வந்தாள். அவள் விட்ட இடத்துக்கு 1956-இல் பேட்வுமன் வந்தாள். கேத்தி கேன் என்ற பணக்காரி, சர்க்கஸ் வித்தைக்காரியாக இருந்தவள், துணிந்தவள். ஆயுதங்களை எல்லாம் உதட்டுச்சாயம், பவுடர் டப்பா வடிவில் கைப்பையில் வைத்திருந்தாள். முதல் கதையிலேயே பேட்மேன் அவள் யார் என்று கண்டுபிடித்துவிடுகிறான். நானே கண்டுபிடித்துவிட்டேன் என்றால் குற்றவாளிகளும் கண்டுபிடிப்பார்கள், விட்டுவிடு என்கிறான். அவளும் விட்டுவிடுகிறாள். அவன் யார் என்பதை அவளுக்கு அவன் சொல்லவில்லை. அந்தக் காலத்தின் ஆண் பெண் கணக்கு முழுதும் அந்த ஒரு கதையில் இருக்கிறது.

இனி நீங்கள் படித்த லோயிஸ். 1958-இல் அவளுக்குத் தனி இதழ் கிடைத்தது. பெயரே 'சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன்'. ஆசிரியர் மார்ட் வெய்சிங்கர், பெரும்பாலும் வரைந்தவர் கர்ட் ஷாஃபன்பெர்கர். அவருடைய கோடுகள் அவ்வளவு தெளிவு, அவ்வளவு நளினம். முகபாவங்களுக்காகவே அவற்றைப் பார்க்கலாம். கதைகள் ஒரே அச்சு. லோயிஸ் சூனியக்காரியாகிறாள், லோயிஸ் சமையல்காரியாகிறாள், லோயிஸ் பருமனாகிறாள். அந்தப் பருமன் கதையில் ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது, அவள் சூப்பர்மேன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிகிறாள். கடைசியில் அவளைக் கொல்லத் தேடியவனிடமிருந்து காப்பாற்றத்தான் அப்படி ஆக்கியதாகச் சூப்பர்மேன் சொல்கிறான். அவளிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று கதையில் யாரும் கேட்பதில்லை. சூப்பர்மேனுக்காகப் போட்டி போடும் லானா லாங்கோடு குடுமிப்பிடி வேறு.

இது ஆசிரியரின் மனக்கோணல் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தொடர்கதையின் கட்டாயமும் சேர்ந்திருக்கிறது. சூப்பர்மேன் அவளை மணந்தால் கதை முடிந்துவிடும், மறுத்தால் அவள் போய்விடுவாள். ஆகவே மணக்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் தவறு செய்தாக வேண்டும். நாயகன் தவறு செய்யக்கூடாது என்பதால் அந்தத் தவறு முழுவதும் லோயிஸ் தலையில் விழுந்தது. அவள் மூக்கை நுழைப்பவளாக, அவசரக்காரியாக, பொறாமைக்காரியாக ஆனது இப்படித்தான். 1938-இல் எந்த ஆர்வம் அவளை நல்ல செய்தியாளராக்கியதோ, அதே ஆர்வம் 1958-இல் அவளுடைய குறையாகிவிட்டது.

இதைத் தாண்ட அவர்களுக்கு ஒரே வழி கற்பனைக் கதை, அதாவது மெய்யாக நடக்காதது என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கதை. 1960-இல் 19-ஆவது இதழில் அப்படி ஒன்று வந்தது. லோயிஸுக்கு உண்மை தெரிகிறது, கல்யாணமும் ஆகிறது. ஆனால் ஊருக்கு அவள் கிளார்க்கின் மனைவி மட்டுமே. புருஷன் யார் என்று வெளியே சொல்ல முடியாத பெண்ணின் வேதனையை அந்தச் சின்னக் கதை உண்மையாகவே தொட்டிருக்கிறது. அந்தத் தொகுப்பிலேயே மதிக்கத்தக்க கதை என்று இதைச் சொல்வேன்.

1959-இல் வந்த சூப்பர்கேர்ளையும் ஒளித்துத்தான் வைத்தார்கள். அண்ணன் முறையான சூப்பர்மேன் அவளை ஓர் அநாதை இல்லத்தில் விட்டு, தலையில் விக் மாட்டி, நான் சொல்லும்வரை வெளியே தெரியக்கூடாது என்றான். 1962 வரை அவள் காத்திருந்தாள். சூப்பர்மேனை வெளியிட்ட அதே டி.சி. நிறுவனத்தில் வேறு மாதிரியும் எழுத முடிந்தது. எலாங்கேட்டட் மேனின் மனைவி சூ டிப்னி எல்லாம் தெரிந்தவள், கணவனோடு ஊர் சுற்றியவள், அவனைக் கேலி செய்தவள். 1961-இன் ஹாக்மேனும் ஹாக்கேர்ளும் வேற்றுக்கிரகத்துக் காவல்துறைத் தம்பதி. அக்வாமேன் 1964-இல் மேராவை மணந்துகொண்டான், உலகம் இடிந்து விழவில்லை. இந்த மூன்று ஜோடிகளிலும் பெண்ணிடம் மறைக்க எதுவும் இல்லை. கதையும் வெட்டிச் சண்டையில் வீணாகவில்லை.

மார்வெல் பக்கம் 1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் வந்தபோது ரகசிய அடையாளம் என்ற சங்கதியையே எடுத்துவிட்டார்கள். நால்வரும் யார் என்று ஊருக்கே தெரியும். காதல் இதழைக் கண்டுபிடித்த கிர்பியும், மில்லி த மாடல் போன்ற பெண்கள் காமிக்ஸைப் பல ஆண்டு எழுதிய ஸ்டான் லீயும் சேர்ந்தார்கள். அதனால் குடும்பச் சண்டை, ஊடல், நால்வரில் ஒரே பெண்ணான சூ ஸ்டாமுக்குக் கடலரசன் நேமோர் மேல் இருந்த தடுமாற்றம் எல்லாம் இயல்பாக வந்தன. 1965-இல் குழுவின் தலைவன் ரீடும் சூவும் மணந்தார்கள், 1968-இல் குழந்தை. பெரிய முன்னேற்றம் இது.

ஆனால் சூ ஸ்டாமின் சக்தி என்ன? கண்ணுக்குத் தெரியாமல் போவது. சண்டையில் அவள் பங்கு பெரும்பாலும் பிடிபடுவதுதான். இவள் எதற்கு என்று வாசகர்களே கடிதம் எழுதினார்கள். 1963-இல் 11-ஆவது இதழில் அதற்குக் கதைக்குள்ளேயே பதில் சொன்னார்கள். சூ அழுகிறாள், ரீட் எழுந்து ஆபிரகாம் லிங்கனின் தாயை உதாரணம் காட்டிப் பேசுகிறான். ஒரு பெண் பின்னால் இருந்து ஊக்கம் கொடுப்பதும் பங்களிப்புதானாம். அந்தப் பக்கத்தைவிட, அடுத்த ஆண்டு 22-ஆவது இதழில் அவளுக்குக் கவசத் தடுப்புகளை உருவாக்கும் சக்தி கொடுத்ததுதான் சரியான பதில். 'இன்விசிபிள் கேர்ள்' என்ற பெயர் 'வுமன்' ஆக 1985 வரை ஆயிற்று. அதற்குள் அவள் பல ஆண்டுகளாக ஒரு தாய்.

ஸ்பைடர்மேனில் காதல் உச்சத்துக்குப் போனதற்குக் காரணம் ஓவியர் ஜான் ரொமிட்டா. 1966-இல் அங்கே வருவதற்கு முன் பல ஆண்டுகள் காதல் காமிக்ஸ் வரைந்தவர். அவர் வந்ததும், முகமூடி இல்லாதபோது பீட்டர் என்ற இளைஞனான ஸ்பைடர்மேனின் வாழ்வில் வரும் க்வென் ஸ்டேசியும் மேரி ஜேனும் ஒளிபெற்றார்கள். அந்த ஆண்டு 42-ஆவது இதழின் கடைசிக் கட்டத்தில் மேரி ஜேன் கதவருகில் வந்து நின்று, உனக்கு ஜாக்பாட் அடித்துவிட்டது என்று பீட்டரிடம் சொல்லும் காட்சியை யாரும் மறக்கவில்லை. தன்னைப் பற்றித் தானே அறிவித்துக்கொண்டு நுழைந்த பெண் அவள்.

க்வென் கதை வேறு. அவளுக்கு உண்மை தெரியாது. தன் அப்பா சாவுக்கு ஸ்பைடர்மேன்தான் காரணம் என்று நம்பி அவனை வெறுத்தாள், பீட்டரை நேசித்தாள். 1973 ஜூன் தேதியிட்ட 121-ஆவது இதழில் ஸ்பைடர்மேனின் எதிரி கிரீன் காப்ளின் அவளைப் பாலத்திலிருந்து தள்ளுகிறான். ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறான். அவள் கழுத்தருகே முறியும் ஒலியைக் குறிக்கும் ஒரு சிறு சொல் எழுதப்பட்டிருக்கிறது. காப்பாற்றிய கையே கொன்றதா என்று இன்றும் வாசகர்கள் வாதிடுகிறார்கள். இந்த முடிவுக்குப் பின்னாளில் சொல்லப்பட்ட காரணத்தைக் கேளுங்கள்: காதல் முற்றிவிட்டது, இனி கல்யாணம்தான், கல்யாணமானால் பீட்டருக்கு வயதாகிவிடும். லோயிஸை இருபது ஆண்டு அசடாக வைத்திருந்த அதே கட்டாயம் இங்கே ஒரு பெண்ணைக் கொன்றது. அந்த இதழ் அற்புதமாக எழுதப்பட்டது, வரையப்பட்டது. அதைப் படித்து நானும் கலங்கியிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சாவு முழுக்க முழுக்கப் பீட்டரின் துயரமாகவே எழுதப்பட்டது, க்வெனுக்குக் கடைசியாக ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. நாயகனுக்குக் கோபம் வர வைக்கக் காதலியைக் கொல்வது பிற்பாடு வாடிக்கையாகிப் போனது. 1999-இல் கதாசிரியை கெய்ல் சிமோன் அப்படிப்பட்ட பாத்திரங்களின் பட்டியலைத் தொகுத்தபோது அது நீண்டுகொண்டே போனது.

1970-களில் பெண்ணுரிமை இயக்கத்தின் அலை காமிக்ஸிலும் அடித்தது. அடித்த விதம்தான் குழப்பம். 1968-இல் வொண்டர் வுமனின் சக்திகளை எடுத்துவிட்டு, அவளை நாகரிக உடைக்கடை நடத்தும் சாதாரணப் பெண்ணாக்கினார்கள். ஸ்டீவையும் கொன்றார்கள். நவீனப் பெண்ணைக் காட்டுவதாக அவர்கள் நினைத்தது உண்மை. பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் போன்றவர்களுக்கு அது சக்தியைப் பிடுங்கியதாகவே பட்டது. 1972 ஜூலையில் வந்த, ஸ்டைனத்தின் பெண்ணியப் பத்திரிகையான மிஸ் இதழின் அட்டையில் பழைய உடையில் வொண்டர் வுமன் நின்றாள். 1973-இல் சக்திகள் திரும்பி வந்தன. லோயிஸும் அதே நேரத்தில் மாறினாள். டோரத்தி வுல்ஃபோக் ஆசிரியராக இருந்தபோது, 1972-இல் லோயிஸ் டெய்லி பிளானெட் வேலையை விட்டுச் சுதந்திரச் செய்தியாளராகி, தோழிகளோடு தனி வீட்டில் குடியேறினாள். சூப்பர்மேன் கிடைப்பானா என்ற ஏக்கம் பின்னுக்குப் போனது. வுல்ஃபோக் விலகிய பின் அது நீடிக்கவில்லை. 1974-இல் இதழே நின்றது. மார்வெல் 1972-இல் லிண்டா ஃபைட் போன்ற பெண்களை எழுத வைத்து மூன்று பெண் நாயகி இதழ்களைத் தொடங்கியது. ஒன்றும் ஐந்து இதழைத் தாண்டவில்லை.

மிஸ் மார்வெல் கதையைத் தவிர்க்க முடியாது. 1977-இல் மிஸ் மார்வெலான கரோல் டேன்வர்ஸ் பத்திரிகை ஆசிரியராக, சம ஊதியம் கேட்பவளாக வந்தாள். 1980-இல், அவள் இருந்த சூப்பர் ஹீரோ குழுவின் இதழான அவெஞ்சர்ஸ் 200-ஆவது இதழில் அவள் மனதை மயக்கி, அவள் சம்மதமில்லாமல் கர்ப்பமாக்கியவனோடு அவளை அனுப்பி வைத்தார்கள். அதைக் காதல் என்றே கதை சொன்னது. சக வீரர்கள் வாழ்த்தி வழியனுப்பினார்கள். வாசகியும் கட்டுரையாளருமான கரோல் ஸ்ட்ரிக்லண்ட் அது பலாத்காரம் என்று பெயர் சொல்லி எழுதினார். அடுத்த ஆண்டு கதாசிரியர் கிறிஸ் கிளேர்மான்ட், அவெஞ்சர்ஸ் ஆண்டு மலர் ஒன்றில் கரோலைத் திரும்ப அழைத்து வந்து, நான் தவித்தபோது நீங்கள் யாரும் கேட்கவில்லையே என்று நண்பர்கள் முகத்துக்கு நேரே பேச வைத்தார். ஒரு பெண் பாத்திரம் தன் மேல் எழுதப்பட்ட கதையையே எதிர்த்துப் பேசிய இடம் அது. 1954-இன் விதிமுறைகளால் பிடிக்க முடியாத ஆபாசத்தை ஒரு வாசகியின் கட்டுரை பிடித்துக் காட்டியது.

எப்போது மாறினார்கள் என்ற உங்கள் கேள்விக்கு ஒரு தேதி சொல்லியே ஆக வேண்டுமென்றால் 1984 என்பேன். அந்த ஆண்டின் அமேசிங் ஸ்பைடர்மேன் 257-ஆவது இதழில் மேரி ஜேன் பீட்டரிடம், நீ யார் என்பது எனக்கு எப்போதோ தெரியும் என்கிறாள். எத்தனையோ பொய்களைக் கேட்டுக்கொண்டு, தெரியாதவள் போலவே இருந்திருக்கிறாள். அந்த ஒரு வசனம் அவளுடைய பழைய பக்கங்களை எல்லாம் வேறாகப் படிக்க வைக்கிறது. அவள் விளையாட்டுத்தனம் என்று நினைத்ததெல்லாம் ஒரு பெண் தன்னைக் காத்துக்கொண்ட விதமாகத் தெரிகிறது. 1987-இல் அவர்கள் மணந்தார்கள். கிளார்க் லோயிஸிடம் உண்மையைச் சொல்ல 1991 ஆயிற்று, கல்யாணத்துக்கு 1996.

படிக்க எங்கே தொடங்கலாம் என்றால், 1978-இன் ஆக்ஷன் காமிக்ஸ் 484-ஐ முதலில் எடுங்கள். நாற்பதாம் ஆண்டுச் சிறப்பிதழ். மந்திரத்தால் கிளார்க்குக்குத் தான் சூப்பர்மேன் என்பதே மறந்துவிடுகிறது. மறந்ததும் கூச்சம் போய், தைரியமாக லோயிஸிடம் காதலைச் சொல்லி மணந்துகொள்கிறான். உண்மையைத் தானாகவே கண்டுபிடிப்பவள் லோயிஸ்தான், அவனுக்கு அவனைத் திருப்பிக் கொடுப்பவளும் அவளே. அதற்குப் பிறகு மிஸ் ஃப்யூரி தொகுப்பு, அப்புறம் ஸ்பைடர்மேன் 121, 122. அந்த 122-இன் கடைசிப் பக்கத்தில் மேரி ஜேன் வெளியே போகக் கதவைத் திறந்துவிட்டு, போகாமல் சாத்திக்கொண்டு பீட்டரோடு உள்ளேயே இருந்துவிடுகிறாள். அதைப் படித்துவிட்டு நேராக 257-க்குப் போங்கள். மூல இதழ்கள் விலை எகிறிக் கிடக்கும். மறுபதிப்புத் தொகுப்புகளே போதும்.